வாசகர் கேள்வி பதில்: செப்புக் காசுக்கு ஒரு கண்ணாடிக் குவளை

போன இதழில், லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் ரோமானியர் காலத்துக் கண்ணாடிப் பாத்திரங்கள் இருக்கிற அலமாரி முன்னால் ஒரு மத்தியானம் முழுக்க நின்றதைப் பற்றி எழுதியிருந்தேன். மகள் வீட்டுக்குப் போன இடத்தில் மழைக்கு ஒதுங்கியது போல உள்ளே போனேன், அப்புறம் வெளியே வர மனசே வரவில்லை. கிட்டத்தட்ட 2,000 வருஷத்துக்கு முன்னால் மனிதர்கள் வாயால் ஊதிச் செய்த குப்பி, கிண்ணம், குவளை, குடுவை. அந்தக் கட்டுரைக்கு வந்த கடிதங்களில் நிறைய நம்ம வட சென்னையிலிருந்தே வந்திருக்கின்றன. நானும் தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள்தான். அதனால் இந்த முறை பக்கம் முழுவதையும் கண்ணாடிக்கே கொடுத்துவிட்டேன்.

*

அக்கா, கொருக்குப்பேட்டையில் காயலான் கடை வைத்திருக்கிறேன். உங்கள் கட்டுரையோடு வந்த படத்தில் இருந்த மாதிரி பாட்டில் என் கடையில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது, கிலோ கணக்கில்தான் எடுக்கிறோம். அதற்கு எதற்கு மியூசியம்? அந்தக் காலத்தில் அது பணக்காரர்கள் சாமானா?
(ஒரு வாசகர், கொருக்குப்பேட்டை)

தம்பி, முதல் கடிதமாக உங்களுடையதை எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. இந்தக் கண்ணாடிக் கதையில் உங்கள் தொழிலுக்கு நேரடியாகவே ஒரு இடம் உண்டு.

ஊதும் வித்தை தெரிவதற்கு முன்னால் கண்ணாடி பணக்காரச் சாமான்தான், அதில் சந்தேகமே இல்லை. களிமண்ணில் உருண்டை பிடித்து அதன் மேல் கண்ணாடிக் குழம்பைச் சுற்றி, ஆறின பிறகு உள்ளே இருக்கிற மண்ணைச் சுரண்டி எடுப்பார்கள், இல்லாவிட்டால் அச்சில் வைத்து உருக்கித் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். ஒரு சின்ன வாசனைத் தைலக் குப்பிக்கு அவ்வளவு வேலை. கி.மு. முதல் நூற்றாண்டில், இப்போது இஸ்ரேல், லெபனான், சிரியா இருக்கிற அந்தக் கடற்கரைப் பக்கம், யாரோ ஒருவர் கண்ணாடிக்குள் ஊதிப் பார்த்தார். அதோடு எல்லாம் மாறிவிட்டது. பழகிய கைக்கு ஒரு குப்பி சில நிமிஷ வேலை. அகஸ்டஸ் பேரரசர் காலத்தில் வாழ்ந்த ஸ்ட்ராபோ என்ற புவியியலாளர், ரோமில் ஒரு கண்ணாடிக் குவளையை ஒரு செப்புக் காசுக்கு வாங்கலாம் என்று எழுதி வைத்திருக்கிறார். நீரோ காலத்து எழுத்தாளர் பெட்ரோனியஸ் கதையில் வருகிற ஒரு திடீர்ப் பணக்காரன், கண்ணாடியில் வாடை ஒட்டுவதில்லை, உடையாமல் மட்டும் இருந்தால் தங்கத்தை விட இதுதான் எனக்குப் பிடிக்கும், ஆனால் இப்போது மலிந்துபோய்விட்டது என்று விருந்தில் சொல்கிறான். ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்துக் கெடுத்தவர்களுக்கு அந்த 'வாடை ஒட்டுவதில்லை' என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

இப்போது உங்கள் தொழிலுக்கு வருகிறேன். மார்ஷியல் என்று ஒரு ரோமானியக் கவிஞர், கி.பி. முதல் நூற்றாண்டுக்காரர். ஒருவனைத் திட்டுவதற்காக அவனை டைபர் ஆற்றுக்கு அந்தக் கரையிலிருந்து வந்து, உடைந்த கண்ணாடியை வாங்கிக்கொண்டு கந்தகம் தடவிய குச்சியைக் கொடுத்துவிட்டுப் போகும் தெரு வியாபாரியோடு ஒப்பிடுகிறார். நாங்கள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பழைய இரும்பைப் போட்டால் பேரீச்சம்பழம் கொடுப்பார்களே, அதே முறை. அங்கே பேரீச்சம்பழத்துக்குப் பதில் நெருப்புப் பற்றவைக்கும் குச்சி. (தீப்பெட்டிக் கம்பெனிப் பெயரிலேயே விம்கோ நகர் என்று ஒரு ஊரை வைத்திருக்கிற நமக்கு இதுவும் அந்நியமில்லை.) ஆற்றுக்கு அந்தக் கரை என்பது உழைக்கிற ஜனங்களும் வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்களும் இருந்த பகுதி. கவிஞர் அதை வசையாகச் சொன்னார். ஆனால் ரோமில் உடைந்த கண்ணாடி வீணாகவில்லை, வீடு வீடாகப் போய்ச் சேகரிக்க ஆள் இருந்தது என்பது நமக்குத் தெரிய வந்ததே அந்த வசையால்தான்.

சேகரித்தது எங்கே போனது? மறுபடியும் உலைக்குத்தான். உடைந்த கண்ணாடி, புது மணலை விடக் குறைந்த சூட்டில் உருகும், விறகு மிச்சம். இத்தாலியின் கிராடோ ஊருக்குப் பக்கத்தில் கடலுக்கடியில் 1986-இல் கண்டுபிடித்த ஒரு ரோமானியக் கப்பலில், ஒரு மரப் பீப்பாய் நிறைய உடைந்த கண்ணாடித் துண்டுகள் இருந்தன. ஏறக்குறைய 140 கிலோ. எடை போட்டு, பீப்பாயில் அடைத்து, கப்பலேற்றி அனுப்பியிருக்கிறார்கள்.

அதனால்தான் மியூசியம் வேண்டியிருக்கிறது. வீட்டில் புழங்கினவை உடைந்து உருகிப் போய்விட்டன. இன்று முழுசாக இருப்பவற்றில் பெரும்பகுதி, இறந்தவர்களோடு கல்லறையில் வைத்தவை. படத்தில் நீங்கள் பார்த்த அந்த வெளிர்பச்சைக் குப்பியும் அப்படி ஒரு வீட்டுக்காரர்கள் யாரையோ அனுப்பிவைத்தபோது கூட வைத்ததாகத்தான் இருக்க வேண்டும்.

*

கல்லூரி ஆய்வகத்துக்குக் கண்ணாடிக் கருவிகள் ஊதிக் கொடுக்கும் வேலையில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். நாங்கள் ஆயத்தமாக வரும் கண்ணாடிக் குழாயைத்தான் தீயில் காட்டி ஊதுவோம். உலையிலிருந்து குழம்பை எடுத்து ஊதுவது வேறு வித்தை. முதலில் எது வந்தது என்று தெரியுமா?
(ஒரு வாசகர், பெரம்பூர்)

ஐயா, உங்களுக்குப் பதில் எழுதப் பயமாகவும் இருக்கிறது, பெருமையாகவும் இருக்கிறது. நீங்கள் செய்த முறைதான் முதலில் வந்தது என்று சொல்கிற மாதிரிதான் கிடைத்திருக்கிற தடயம் இருக்கிறது.

ஜெருசலேம் பழைய நகரத்தில் யூதர் பகுதியில் 1969-க்குப் பிறகு நஹ்மான் அவிகாத் என்ற தொல்லியலாளர் அகழாய்வு செய்தார். அங்கே கைவிடப்பட்ட ஒரு சடங்குக் குளியல் தொட்டியை நிரப்ப, பக்கத்துக் கண்ணாடிப் பட்டறையின் கழிவைக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள். காலம் கி.மு. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதி. அந்தக் குப்பைக்குள் மெல்லிய கண்ணாடிக் குழாய்கள் நிறைய. சிலவற்றில் ஒரு முனையைச் சூட்டில் கிள்ளி மூடி, மறுமுனையில் ஊதி, சின்னக் குமிழாகப் புடைக்க வைத்திருந்தார்கள். தனியாக இரும்புக் குழல் கிடையாது, கண்ணாடியே குழல். நீங்கள் முப்பது வருஷம் செய்த அதே காரியம், உங்களுக்கு ஆக்ஸிஜன் கலந்த எரிவாயுத் தீ இருந்தது, அவர்களிடம் அது இல்லை, அவ்வளவுதான். அந்த முறையில் கட்டை விரல் அளவுக் குப்பிக்கு மேல் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இரும்பு ஊதுகுழல் கி.பி. முதல் நூற்றாண்டில் வழக்கத்துக்கு வருகிறது. படிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். விறகடுப்புக் காலத்து ஊதாங்குழலை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், அதை ஆள் உயரத்துக்குப் பக்கமாக நீட்டிக்கொள்ளுங்கள். சுமார் 1,000 முதல் 1,100 டிகிரி சூட்டில் தேன்பாகு பதத்தில் இருக்கிற கண்ணாடியில் குழலின் நுனியை விட்டுச் சுற்றினால் ஒரு உருண்டை ஒட்டிக்கொண்டு வரும். வழவழப்பான கல் பலகையில் அதை உருட்டிச் சீராக்கி, ஊதி, சுற்றி, மறுபடி சூடு காட்டி, இடுக்கியால் கழுத்தைக் கிள்ளி இழுக்க வேண்டும். சுற்றுவதை நிறுத்தினால் பாகு ஒரு பக்கம் தொங்கிவிடும். உருவம் வந்ததும் அடியில் ஒரு இரும்புக் கம்பியைத் துளிக் கண்ணாடியால் ஒட்டிப் பிடித்துக்கொண்டு, குழலை வாய்ப்பக்கம் தட்டிப் பிரிப்பார்கள், அப்புறம் வாயைச் சூடாக்கி மடித்து விளிம்பு கட்டுவார்கள். கம்பியைப் பிரித்த இடத்தில் ஒரு தழும்பு நிற்கும். மியூசியத்தில் குனிந்து அடிப்பாகத்தைப் பார்த்தால் அந்தத் தழும்பு பல பாத்திரங்களில் தெரிகிறது, நான் பார்த்தேன். கடைசியில் இன்னொரு சூளையில் வைத்து மெதுவாக ஆறவிட வேண்டும், இல்லாவிட்டால் அன்று ராத்திரியே தானாக வெடிக்கும்.

குரோஷியாவில் அசேரியா என்ற இடத்தில் கிடைத்த முதல் நூற்றாண்டு மண் விளக்கு ஒன்றில், சின்ன உலை முன்னால் ஒருவர் உட்கார்ந்து ஊதுவதும் இன்னொருவர் உதவுவதும் புடைப்பாக இருக்கிறது. ஊதுபவரைக் காட்டும் மிகப் பழைய படங்களில் அது ஒன்று. உலை ஆள் உயரம் கூட இல்லை. முற்றத்தில் வைக்கிற அளவு.

*

எண்ணூர் மணலுக்கு மவுசு உண்டு என்று எங்கள் அப்பா சொல்வார். அந்த மணலில் ரோமானியர் மாதிரி கண்ணாடி செய்ய முடியுமா மேடம்?
(ஒரு வாசகி, எண்ணூர்)

அப்பா சொன்னது உண்மைதான். சிமென்ட்டின் பலத்தைச் சோதிக்க இந்தியா முழுக்கப் பயன்படுத்துகிற தர மணலே எண்ணூர் மணல்தான்.

ஆனால் மணல் மட்டும் போதாது. வெறும் மணல் உருக 1,700 டிகிரிக்கு மேல் வேண்டும், விறகு உலையால் அது ஆகாது. அந்தச் சூட்டைக் கீழே இறக்க ஒரு உப்பு வேண்டும். ரோமானியர் எகிப்தின் நேட்ரூன் பள்ளத்தாக்கில் ஏரிகள் வற்றும்போது படிகிற 'நேட்ரான்' என்ற சோடா உப்பைப் பயன்படுத்தினார்கள். மூன்றாவதாகச் சுண்ணாம்பு. அது இல்லாவிட்டால் கண்ணாடி தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தே போகும். இதில்தான் ஒரு அழகான விஷயம் இருக்கிறது. இன்றைய இஸ்ரேலில் அக்கோ நகரத்துக்குப் பக்கத்தில் பேலஸ் என்ற சின்ன ஆறு கடலில் சேரும் இடத்து மணலில் சிப்பித் தூள் இயற்கையாகவே கலந்திருக்கிறது, அதாவது சுண்ணாம்பு. மணலும் உப்பும் போட்டால் போதும் என்று அவர்கள் நினைத்திருந்தார்கள், மூன்றாவது சரக்கு கேட்காமலே மணலோடு வந்துகொண்டிருந்தது. அந்தக் கடற்கரை மணலின் புகழைப் பற்றி, கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்துபோன பிளினி என்ற ரோமானிய எழுத்தாளர் எழுதியிருக்கிறார். நேட்ரான் ஏற்றி வந்த வியாபாரிகள் அடுப்புக்குக் கல் கிடைக்காமல் நேட்ரான் கட்டிகளையே வைத்துச் சமைக்க, கீழே கண்ணாடி ஓடியது என்று ஒரு கதையும் சொல்வார். சமையல் தீயில் அவ்வளவு சூடு வராது, அதனால் அதைக் கதையாகவே வைத்துக்கொள்வோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊதுகிற பட்டறைகள் மணலிலிருந்து ஆரம்பிக்கவில்லை. கடற்கரையில் பெரிய தொட்டி உலைகளில் டன் கணக்கில் உருக்கி, ஆறவைத்து, கட்டியாக உடைத்துக் கப்பலில் அனுப்புவார்கள். பட்டறைக்காரர் கட்டியை வாங்கி மறுபடி உருக்கி ஊதுவார். அரிசி ஆலை ஒரு ஊரில், இட்லி கடை ஒவ்வொரு தெருவிலும் என்பது போல.

*

எங்கள் கோயிலில் ஒரு பிரசங்கத்தில், ரோமானியர் காலத்துப் பெண்கள் அழும்போது கண்ணீரைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து வைப்பார்கள், அதைத்தான் வேதாகமத்துச் சங்கீதத்தில் தாவீது சொல்கிறார் என்றார்கள். நீங்கள் பார்த்தவற்றில் அந்தக் குப்பி இருந்ததா அக்கா?
(ஒரு வாசகி, ராயபுரம்)

இருந்தது அம்மா, நீளக் கழுத்து, விரல் பருமன், வரிசையாக. ஒரு காலத்தில் மியூசியக்காரர்களே அவற்றைக் கண்ணீர்க் குப்பி என்றுதான் அழைத்தார்கள். கல்லறைகளில் நிறையக் கிடைத்ததால் அப்படி ஒரு எண்ணம் வந்தது. ஆனால் அவை வாசனைத் தைலமும் எண்ணெயும் வைக்கிற குப்பிகள். இறந்தவர் உடலுக்குப் பூசிய தைலத்தின் குப்பியையும் கூடவே வைத்துவிடுவார்கள். மண்ணடியில் அத்தர் கடைக்குப் போயிருக்கிறீர்கள் இல்லையா, அங்கே அத்தர் விற்கிற சின்னக் குப்பியையும் அதோடு வரும் கண்ணாடிக் குச்சியையும் நினைத்துப் பாருங்கள். கழுத்து குறுகலாக இருப்பது துளித்துளியாக விழுவதற்கும், வாசனை பறந்து போகாமல் இருப்பதற்கும். கண்ணீர் பிடிக்க அந்தக் கழுத்து உதவவே உதவாது.

வசனத்தைப் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். 56-ஆம் சங்கீதத்தில் நம் தமிழ் வேதாகமம் 'என் கண்ணீரை உம்முடைய துருத்தியில் வையும்' என்றுதான் சொல்கிறது. துருத்தி என்றால் தோல் பை, ஆடு மேய்க்கிறவர்கள் தண்ணீர் எடுத்துப் போவது. பழைய ஆங்கில மொழிபெயர்ப்பில் அது பாட்டில் என்று ஆனதால்தான் இந்தக் குழப்பமே. தாவீதுக்கும் ஊதிய கண்ணாடிக்கும் நடுவே சுமார் 900 வருஷம் இருக்கிறது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் சரியாகவே எழுதியிருக்கிறார்கள், அதைப் பார்த்தபோது எனக்கு மனசு நிறைந்துபோனது.

*

பழைய வண்ணாரப்பேட்டையில் எவர்சில்வர் பாத்திரக்கடை எங்களுடையது. பாத்திரத்தில் பேர் வெட்டிக் கொடுப்போம். அந்தக் கண்ணாடியில் பேர் எழுதும் வழக்கம் இருந்ததா?
(ஒரு வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை)

இருந்தது. ஆனால் நாம் வெட்டுவது கொடுத்தவர் பேர், இல்லாவிட்டால் வாங்கினவர் பேர். என் கல்யாணத்துக்கு வந்த குத்துவிளக்கிலிருந்து டம்ளர் வரை அத்தை பேரும் மாமா பேரும் தேதியோடு இருக்கிறது, செய்த பட்டறைக்காரர் பேர் ஒன்றில் கூட இல்லை. அங்கே சிலவற்றில் செய்தவர் பேர் இருக்கிறது.

கண்ணாடியை அச்சுக்குள் வைத்து ஊதுகிற முறை ஒன்று வந்தது. இரண்டு மூன்று பாகமாகப் பிரிக்கிற அச்சு, உள்ளே பூவேலையும் எழுத்தும் செதுக்கியிருக்கும், ஊதினால் கண்ணாடி அதில் போய் அப்பிக்கொள்ளும். கி.பி. முதல் நூற்றாண்டில் என்னியோன் என்று ஒரு கைவினைஞர், இன்றைய லெபனானில் இருக்கிற சீதோன் பக்கத்துக்காரர் என்று நம்பப்படுகிறவர், தன் குவளைகளின் ஒரு பக்கத்தில் கிரேக்க எழுத்தில் 'என்னியோன் செய்தது' என்றும் மறு பக்கத்தில் 'வாங்குபவர் நினைவில் வைக்கப்படட்டும்' என்றும் சட்டம் போட்டு வைத்தார். எவ்வளவு தூரத்துச் சந்தையில் விற்கப்போகிறது என்று தெரியாமலே, முகம் தெரியாத ஆளை வாழ்த்தி அனுப்புகிற எழுத்து அது. ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரத்தில் கிடைத்த சதுர பாட்டில்களின் அடியில் ஒரு பெண் பேர் இருக்கிறது: சென்ஷியா செகுண்டா, (இத்தாலியில் இருக்கிற) அக்விலேயா ஊரில் கண்ணாடி செய்கிறாள் என்று. அவள் பட்டறை முதலாளியா, தானே ஊதினாளா என்று அந்த வரி சொல்லவில்லை. அந்தப் பேரை நான் டைரியில் எழுதி வைத்திருக்கிறேன்.

அப்புறம், முதல் கேள்வி கேட்ட தம்பியும் இதைப் படிக்க வேண்டும். அச்சில் ஊதிய குப்பிகளில் அசல் பேரீச்சம்பழம் மாதிரியே, தோல் சுருக்கத்தோடு, அதே பழுப்பு நிறத்தில் செய்த தைலக் குப்பிகள் உண்டு.

*

ரோமானியக் கண்ணாடி ஏன் வானவில் மாதிரி மின்னுகிறது? பெயின்டா?
(எட்டாம் வகுப்பு மாணவர், தண்டையார்பேட்டை)

பெயின்ட் இல்லை கண்ணா. செய்தபோது அது அப்படி இல்லவே இல்லை. மழைக்காலத்தில் ரோட்டில் தேங்கிய தண்ணீர் மேல் பெட்ரோல் சிந்தினால் ஊதா, பச்சை, சிவப்பு எல்லாம் தெரியும் இல்லையா? பெட்ரோலுக்கு அந்த நிறம் கிடையாது, அது மெல்லிய படலமாக இருப்பதால் மேலே பட்டுத் திரும்பும் ஒளியும் அடியில் பட்டுத் திரும்பும் ஒளியும் கலந்து சில நிறங்களைக் கூட்டுகின்றன, சிலவற்றை அழிக்கின்றன. கண்ணாடி ஈர மண்ணில் நூற்றுக்கணக்கான வருஷம் கிடந்தால் தண்ணீர் அதிலிருக்கிற சோடாவை மெல்ல உறிஞ்சிவிடும். மேல் பக்கம் மட்டும் வெங்காயத் தோல் போல அடுக்கு அடுக்காகப் பிரியும். அந்த அடுக்குகளில்தான் வானவில். அதைத் தொட்டால் உதிர்ந்துவிடும், அதனால் மியூசியத்தில் துடைக்கவே மாட்டார்கள்.

சாதாரண ரோமானியக் கண்ணாடியின் சொந்த நிறம் வெளிர் நீலப்பச்சை. மணலில் இருக்கிற இரும்பால் வருவது. மாங்கனீஸோ ஆன்டிமனியோ சேர்த்தால் நிறம் போய்த் தெளிவாகும், கோபால்ட் சேர்த்தால் அடர் நீலம்.

ஆனால் வேண்டுமென்றே நிறம் மாறுகிற மாதிரி செய்த ஒன்றும் அதே பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. நாலாம் நூற்றாண்டைச் சேர்ந்த லைகர்கஸ் கிண்ணம். வெளிச்சம் முன்னாலிருந்து பட்டால் வெளிர் பச்சை, உள்ளே விளக்கு வைத்தால் ரத்தச் சிவப்பு. கண்ணாடிக்குள் வெள்ளியும் தங்கமும் தலைமுடிப் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுத் துகளாகக் கலந்திருப்பதுதான் காரணம். பெரிய வகுப்பில் நானோ துகள் பாடம் வரும், அப்போது இந்தக் கிண்ணத்தை ஞாபகம் வைத்துக்கொள்.

*

உள்ளே வைத்தது அப்படியே இருக்கிற குப்பி ஏதாவது உண்டா?
(ஒரு வாசகர், திருவொற்றியூர்)

உண்டு. ஜெர்மனியில் ஸ்பேயர் நகரத்துக்குப் பக்கத்தில் 1867-இல் ஒரு ரோமானியக் கல்லறையிலிருந்து எடுத்த ஒன்றரை லிட்டர் பாட்டில். நாலாம் நூற்றாண்டு. மேலே எண்ணெய் ஊற்றி மெழுகால் அடைத்திருந்ததால் உள்ளே திரவம் இன்னும் நிற்கிறது, ஒயினாக இருந்தது என்று சொல்கிறார்கள். அந்த ஊர் மியூசியத்தில் திறக்காமலே வைத்திருக்கிறார்கள்.

*

இதெல்லாம் நம்ம ஊருக்கு வந்ததா? யவனர் வந்தார்கள் என்று பள்ளியில் படித்தோம்.
(ஒரு ஆசிரியை, ராயபுரம்)

டீச்சர், வந்தது. புதுச்சேரி பக்கத்து அரிக்கமேட்டில் ரோமானியக் கண்ணாடிப் பாத்திரத் துண்டுகள் கிடைத்தன, கேரளத்தில் பட்டணம் அகழாய்விலும் கிடைத்தன. அவற்றில் வெளிப்பக்கம் வரி வரியாக மேடு கட்டிய கிண்ணத் துண்டுகள் பேசப்படுபவை. ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும், அந்த வரிக் கிண்ணங்கள் ஊதிச் செய்தவை அல்ல, தட்டையான கண்ணாடி வட்டத்தைச் சூட்டில் அச்சின் மேல் தொய்யவிட்டுச் செய்தவை. முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கப்பல் குறிப்பு ஒன்று முசிறியில் இறங்குகிற சரக்குகளில் கச்சாக் கண்ணாடியையும் சேர்த்துச் சொல்கிறது. நாம் கட்டியாகவும் வாங்கியிருக்கிறோம்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது, நாமும் சும்மா வாங்குகிற ஆட்களாக இல்லை என்பது. அரிக்கமேடு மணி செய்கிற ஊர். கண்ணாடிக் குழம்பை உள்ளே பொள்ளலாக இருக்கும்படி நீளக் குழாயாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, மறுபடி சூடு காட்டி முனை மழுக்கிச் சின்னச் சின்ன மணியாக்குவார்கள். இந்த வகை மணி தென்கிழக்கு ஆசியா முழுக்கப் போயிருக்கிறது. ரேணிகுண்டா பக்கம் பாப்பாநாயுடுபேட்டையில் நம் காலம் வரைக்கும் அதே முறையில் செய்துவந்தார்கள். அங்கே குழாயை ஊதினார்கள், இங்கே குழாயை இழுத்தார்கள்.

புறநானூற்றில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனைப் பாடும்போது 'யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்' என்கிறார். கலம் என்றால் கப்பலும் ஆகும், ஜாடியும் ஆகும். ஆனால் அடுத்த அடியில் அந்தத் தேறலை 'பொன்செய் புனைகலத்து' ஏந்தி ஊற்றித் தருகிறார்கள். பாண்டியன் குடித்தது பொற்கிண்ணத்தில். செப்புக் காசுக் கண்ணாடி அரசவைப் பாட்டுக்குள் வரவில்லை.

பிள்ளைகளை எழும்பூர் மியூசியத்துக்கு அழைத்துப் போங்கள், ரோமானியத் தங்கக் காசுகள் அங்கே உண்டு. 1944-இல் மார்டிமர் வீலர் என்ற ஆங்கிலத் தொல்லியலாளர் அங்கே வந்தபோது ஒரு அலமாரியில் அரிக்கமேட்டிலிருந்து வந்த ரோமானிய ஜாடித் துண்டைப் பார்த்துத்தான் புதுச்சேரிக்குக் கிளம்பினார், மறு வருஷம் அகழாய்வு நடந்தது. அரிக்கமேட்டு மணிகளைப் பார்க்க புதுச்சேரி மியூசியம்.

*

2015-லும் மிக்ஜாம் புயலிலும் எங்கள் வீட்டில் முட்டிக்கு மேல் தண்ணீர். பீங்கான், கண்ணாடி எல்லாம் போச்சு. மியூசியத்தில் இப்படி நடந்தால் என்ன செய்வார்கள்?
(ஒரு வாசகி, வியாசர்பாடி)

நடந்திருக்கிறது அம்மா. அமெரிக்காவில் கார்னிங் என்ற ஊரில் கண்ணாடிக்கென்றே ஒரு பெரிய மியூசியம் இருக்கிறது, ரோமானியச் சேகரிப்பும் அங்கே பெரிது. 1972 ஜூன் மாதம் அக்னஸ் புயலில் ஆறு கரை உடைத்து மியூசியத்துக்குள் ஐந்து அடிக்கு மேல் தண்ணீர் ஏறியது. அலமாரிகள் சரிந்தன. 528 பொருள்கள் சேதம். சேற்றைச் சல்லடை போட்டு ஒவ்வொரு துண்டாக எடுத்துக் கழுவி ஒட்டினார்கள், அந்த வருஷமே மியூசியத்தைத் திறந்தும் விட்டார்கள்.

ஒட்டுவது எப்படி என்பதற்குப் போர்ட்லண்ட் ஜாடியின் கதையே போதும். அடர் நீலக் கண்ணாடி மேல் வெள்ளைக் கண்ணாடி போர்த்தி, வெள்ளையைச் செதுக்கி உருவங்கள் வடித்த ஜாடி. 1845 பிப்ரவரியில் பிரிட்டிஷ் மியூசியத்தில் குடிபோதை தெளியாத ஒரு இளைஞன் கனமான கல்லை எடுத்து அதன் மேல் போட்டான். 200-க்கும் மேற்பட்ட துண்டுகள். அதே வருஷம் ஜான் டபுள்டே என்பவர் ஒட்டிவிட்டார், ஆனால் 37 சின்னத் துண்டுகளுக்கு இடம் தெரியவில்லை, தனியாக ஒரு பெட்டிக்குப் போயின. பசை பழுப்பேறியதால் 1948-இல் பிரித்து மறுபடி ஒட்டினார்கள், மிச்சத் துண்டுகளில் மூன்றுக்கு இடம் கிடைத்தது. 1988-இல் மூன்றாவது முறை பிரித்தபோது கிட்டத்தட்ட எல்லாத் துண்டும் தன் இடத்துக்கு வந்துவிட்டது. 140 வருஷத்துக்கு மேல் அந்தத் துண்டுகளை யாரும் தூக்கி எறியவில்லை.

உங்கள் வீட்டுத் துண்டுகளில் மனசுக்கு நெருக்கமானது ஏதாவது இருந்தால், சேறு காயும் முன் தண்ணீரில் கழுவி, துணியில் சுற்றி ஒரே டப்பாவில் போட்டு வையுங்கள். அவசரத்தில் கண்ட பசையைத் தடவாதீர்கள். பின்னால் கரைத்து எடுக்க முடிகிற பசைதான் நல்லது, அதைத்தான் மியூசியங்களிலும் தேடுகிறார்கள்.

*

ஆன்லைனில் 'அசல் ரோமானியக் கண்ணாடி' என்று குப்பி விற்கிறார்கள். வாங்கலாமா?
(ஒரு வாசகர், மண்ணடி)

வேண்டாம். போலியாக இருந்தால் காசு போகும். அசலாக இருந்தால் யாருடைய கல்லறையையோ தோண்டி எடுத்ததாக இருக்க வாய்ப்பு அதிகம், அதை வீட்டில் வைத்துக்கொள்ள எனக்கு மனசு வராது.

*

கண்ணாடி ஊத ரொம்ப மூச்சு வேண்டுமா? எங்கள் அப்பா படகில் போகிறவர், நீருக்குள் ரொம்ப நேரம் மூச்சுப் பிடிப்பார். அவரால் முடியுமா?
(ஆறாம் வகுப்பு மாணவி, காசிமேடு)

முடியும் செல்லம், ஆனால் அவ்வளவு மூச்சு தேவையே இல்லை. லேசாக ஒரு ஊது ஊதி, உடனே குழலின் வாயைக் கட்டை விரலால் மூடிவிட வேண்டும். உள்ளே மாட்டிக்கொண்ட காற்று சூட்டில் தானே விரியும், கண்ணாடியும் கூடவே விரியும். நம் மூச்சு ஆரம்பித்து வைக்கும், மீதியை நெருப்பு பார்த்துக்கொள்ளும். ஸ்ட்ராவில் சோப்புத் தண்ணீர் தொட்டு ஊதிப் பார், மெதுவாக ஊதினால்தான் குமிழ் பெரிதாகும், பலமாக ஊதினால் உடைந்துவிடும். அதிலும் ஒரு முறை ஊதிவிட்டு மறுமுனையை விரலால் மூடிப் பார். காற்று திரும்பி வராமல் குமிழ் அப்படியே நிற்கும்.